ஜினெத் அத்தையின் மேப்பிள் தண்ணீர்

அன்று காலை பாஸ்தியான் காப்பியில் ஊற்ற வேண்டிய பாலை மேசைமேல் கிடந்த தன் கையுறைக்குள் ஊற்றினான். யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

அம்மா வாசலில் நின்று நாயை, "பாஸ்தியான், இங்க வா" என்று கூப்பிட்டாள். நாயும் வந்தது, பாஸ்தியானும் வந்தான். அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, யாரை எதற்குக் கூப்பிட்டோம் என்றே மறந்து உள்ளே போய்விட்டாள்.

எல்லாம் மேப்பிள் மரங்கள் செய்த வேலை. ராத்திரி உறைபனி, பகலில் நல்ல வெயில் என்று வந்துவிட்டால் எங்கள் பக்கத்து மேப்பிள்கள் துளையிட்ட இடத்தில் விடாமல் இனிப்புத் தண்ணீர் சொட்டும். இந்த வாரம் முழுக்க அப்படித்தான். மரங்களுக்கு என்ன, நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு சொட்டுகின்றன. அந்தத் தண்ணீரைக் காட்டிலிருந்து இறக்கி, கெட்டுப்போவதற்குள் பாகாகக் காய்ச்சுவது மனிதர்கள் பாடு.

அப்பா லெயோ கொட்டகையில் கொப்பரையோடு மல்லுக்கட்டினார். அம்மா அடுப்புக்கு விறகு தள்ளினாள். பாஸ்தியான் காட்டு வண்டியை ஓட்டினான். நான்கு தடித்த சக்கரங்கள், முன்னால் இரண்டு இருக்கைகள், பின்தட்டில் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி. மலைமேல் இருக்கும் சேமிப்புத் தொட்டியிலிருந்து தண்ணீரை நிரப்பிக்கொண்டு கீழே இறங்குவதுதான் அந்த வண்டியின் வேலை. அவன் பக்கத்தில் தலைக்கவசத்தோடு உட்கார்ந்து, குழாயைப் பிடிப்பதும் வால்வைத் திறப்பதும் மூடுவதும் தங்கை கோராலியின் வேலை. அவளுக்குப் பத்து வயது. சனிக்கிழமை விடுமுறை என்று பெயர்தான்.

"அண்ணா, கண்ணைத் திற" என்றாள் கோராலி.

"தொறந்துதான் இருக்கு."

"ஒண்ணுதான் தொறந்திருக்கு."

"ரெண்டையும் ஒரே நேரத்துல வேலை வாங்கக் கூடாது கோரா. முறை போட்டுத் தூங்க வெச்சிருக்கேன்."

மதியம் சாய்ந்த நேரம் அது. காலையில் கல் போல இருந்த பாதை இப்போது வெயிலில் இளகிக் குழம்பாகிவிட்டது. வண்டி திணறித் திணறி மேலே ஏறியது. கோராலிக்கு முதுகு வலித்தது. பட்டாணி சூப் குடித்துவிட்டு இரண்டு நாள் தொடர்ந்து தூங்கினால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டே வந்தாள்.

செங்குத்தான ஏற்றத்தில் வளைவு திரும்பியதும் பாஸ்தியான் பிரேக்கை மிதித்தான்.

பாதையை அடைத்துக்கொண்டு இன்னொரு காட்டு வண்டி நின்றது. மேலிருந்து இறங்கி வந்த வண்டி. முன்சக்கரங்கள் இரண்டும் பாதிக்கு மேல் சேற்றில் புதைந்திருந்தன. பின்தட்டில் தொட்டி நிறையத் தண்ணீர். உள்ளே உட்கார்ந்து வெண்ணெய் தடவிய ரொட்டி தின்றுகொண்டிருந்தாள் ஜினெத் அத்தை.

ஜினெத் அத்தை பக்கத்துத் தோட்டக்காரி. மலையின் தெற்குச் சரிவு அவளுடையது, வடக்குச் சரிவு கோராலியின் வீட்டாருடையது, இந்த ஒற்றைப் பாதை இருவருக்கும் பொது. அவள் கணவர் மொரீஸ் கையை முறித்துக்கொண்டதால் இந்த வருடம் அவர் கொப்பரையைப் பார்த்துக்கொள்ள, அவள் தனியாகத் தண்ணீர் இறக்கிக்கொண்டிருந்தாள்.

"வாங்க வாங்க" என்றாள் அத்தை. "உக்காருங்க. இங்க நாற்காலி மட்டும்தான் இல்ல."

"எவ்வளவு நேரமா மாட்டியிருக்கீங்க?" என்று கேட்டான் பாஸ்தியான்.

"ரெண்டாவது ரொட்டி இது. நீயே கணக்குப் போட்டுக்கோ."

பாஸ்தியான் இறங்கி, அவள் வண்டியின் முன்பக்கத்தில் இழுவைப் பட்டையைக் கட்டித் தங்கள் வண்டியைப் பின்னால் செலுத்தி இழுத்துப் பார்த்தான். அத்தையின் வண்டி அசையவில்லை. இவர்கள் வண்டியின் சக்கரங்கள்தான் சுழன்று சேற்றை வாரி இறைத்தன. அதில் ஒரு கட்டி அத்தையின் ரொட்டிமேல் விழுந்தது. அவள் ரொட்டியைப் பார்த்தாள், பாஸ்தியானைப் பார்த்தாள், ரொட்டியைக் கீழே வைத்தாள்.

"தண்ணியக் கொட்டிடுங்க அத்தை" என்றான் அவன். "பாரம் கொறஞ்சா இழுத்துடலாம்."

"கொட்டுறதா? உங்கப்பனத் தண்ணியக் கொட்டச் சொல்லு, நான் என் தண்ணியக் கொட்டுறேன். தெற்குச் சரிவுத் தண்ணிடா இது. வெயில் பட்ட மரம்."

"வேற வழியே இல்ல."

"அப்ப கோடை வரைக்கும் இங்கயே இருக்கேன். சேறு தானா காயும்."

அப்போது பாஸ்தியானின் சட்டைப்பையில் தொலைபேசி அடித்தது. அப்பாவின் குரல் கோராலிக்கும் கேட்டது.

"எங்கடா இருக்கீங்க? இங்க கொட்டகை இருப்புத் தொட்டியில அடி தெரியுது. இன்னும் அரை மணி நேரத்துக்குத்தான் தண்ணி வரும்."

பாஸ்தியான் முகம் வெளுத்தது. கொப்பரைக்குக் கீழே விறகு அடுப்பு எரிகிறது. அதைப் பொத்தானை அழுத்தி அணைக்க முடியாது. தண்ணீர் நின்றுபோனால் கொப்பரை காய்ந்து, பாகு கருகி, தகரம் வளைந்து ஓட்டை விழுந்துவிடும். கொப்பரை போனால் இந்த வருடத்துப் பாகும் போயிற்று.

மேலேயோ, அவர்களுடைய சேமிப்புத் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருக்கும். அவ்வளவு தண்ணீர் அங்கே வீணாகிறது, இங்கே ஒரு சொட்டுக்கு வழியில்லை. இந்த வண்டியைத் தாண்டி மேலே போக முடியாது.

பாஸ்தியான் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டுச் சேற்றுக்கரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "எனக்கு யோசிக்கவே முடியல" என்றான். நிஜமாகவே அழுதுவிடுவான் போல இருந்தது.

கோராலி அத்தையின் முகத்தைப் பார்த்தாள். வாய்தான் கேலி பேசியது. கண்கள் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன. பிடிவாதத்தால் அவள் தண்ணீரைக் கொட்ட மறுக்கவில்லை என்று கோராலிக்குப் புரிந்தது. பாடுபட்டுச் சேர்த்ததைத் தன் கையாலேயே தரையில் விட மனசு வரவில்லை. கோராலிக்கும் வந்திருக்காது.

அவள் தன் மடியில் சுருட்டி வைத்திருந்த நீளக் குழாயைப் பார்த்தாள்.

"அத்தை, கொட்ட வேண்டாம். எங்க தொட்டிக்கு மாத்திடலாமா?"

"எப்படி? மோட்டார் இருக்கா உங்ககிட்ட?"

"வேணாம். நீங்க மேல நிக்கறீங்க, நாங்க கீழ நிக்கறோம். குழாயப் போட்டா தானா எறங்கிடும்."

பாஸ்தியான் நிமிர்ந்து பார்த்தான். தினமும் மலைத்தொட்டியிலிருந்து அப்படித்தான் தண்ணீர் பிடிக்கிறார்கள். ஆனால் ஒரு வண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்குப் பிடிக்கலாம் என்று தூக்கம் கெட்ட தலைக்குத் தோன்றவில்லை.

"நம்ம தொட்டி வாய் ஒசரமா இருக்கே" என்றான்.

"கொஞ்சம் பின்னால போண்ணா. குழாய் எட்டுற வரைக்கும் போ. அவ்வளவு தூரம் போனா பள்ளமாயிடும்."

அவன் வண்டியைப் பின்னால் இறக்கினான். ஆனால் ஜினெத் அத்தை எழுந்து வால்வின் குறுக்கே நின்றுகொண்டாள்.

"இரு பொண்ணு. உங்க தொட்டிக்குப் போயிட்டா அப்புறம் அது யார் தண்ணி?"

பாஸ்தியான் கோராலியின் காதருகே வந்து முணுமுணுத்தான். "உங்க கொட்டகையில எறக்கிடறோம்னு சொல்லிடு. நேரா அப்பாகிட்ட கொண்டு போயிடலாம். அப்புறம் பேசிக்கலாம்."

கோராலி மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். அத்தையிடமே திரும்பினாள்.

"அத்தை, உள்ளதைச் சொல்லிடறேன். எங்க கொப்பரை காயப் போகுது. உங்க தண்ணிய எங்கப்பாவுக்குத்தான் கொண்டு போகணும். எங்க தொட்டி மேல வழிஞ்சுட்டிருக்கு. நீங்க காலி வண்டியப் பின்பக்கமாவே ஏத்திப் போய், உங்களுக்கு வேணுங்கற அளவு எடுத்துக்குங்க. உங்க தண்ணி எங்களுக்கு, எங்க தண்ணி உங்களுக்கு."

எங்கள் பக்கத்தில் இது சாதாரணப் பேச்சே இல்லை. அவரவர் மரத்துத் தண்ணீர்தான் அவரவர் கொப்பரைக்குள் போகும். பக்கத்துத் தோட்டத்துத் தண்ணீரை யாரும் கலக்கவும் மாட்டார்கள், நன்றாக இருக்கிறது என்று வாய் தவறிச் சொல்லவும் மாட்டார்கள். கல்யாண வீட்டில்கூட, 'உங்க பாகு பரவாயில்லை' என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

"வடக்குச் சரிவுத் தண்ணியா?" என்றாள் அத்தை. "அது வெறும் பச்சத் தண்ணியாச்சே."

"அப்ப ரெண்டு நடை எடுத்துக்குங்க. எப்படியும் தரையிலதான் போகுது."

"உங்கப்பா ஒத்துக்குவாரா?"

கோராலி உண்மையைச் சொன்னாள். "தெரியல அத்தை. ஆனா சண்டை போடுற அளவுக்கு அவர்கிட்ட இப்ப தெம்பு இல்ல."

அத்தை முதல் முறையாகச் சிரித்தாள். பிறகு விலகி நின்றாள்.

குழாயின் ஒரு முனையை அத்தையின் வால்வில் மாட்டினாள் கோராலி. மறுமுனையைப் பாஸ்தியான் தங்கள் தொட்டி வாயில் பிடித்தான். வால்வைத் திறந்ததும் குழாய் ஒருமுறை துள்ளியது. பிறகு தண்ணீர் மளமளவென்று இறங்கியது.

அது இறங்கும் நேரத்தில் கோராலி சும்மா இருக்கவில்லை. ஊசியிலை மரங்களிலிருந்து விழுந்து கிடந்த கிளைகளை இழுத்துவந்து சேற்றுக் குழியில் பரப்பினாள். அத்தையும் வந்து சேர்ந்துகொண்டாள். இருவருக்கும் குனிந்தால் நிமிர முடியவில்லை, நிமிர்ந்தால் குனிய முடியவில்லை.

"உனக்குத் தூக்கம் வரலையா?" என்று கேட்டாள் அத்தை.

"வருது. எல்லாரும் தூங்கி முடிச்சதும் தூங்கறேன்."

"அப்ப வரிசையில எனக்குப் பின்னால நில்லு கண்ணு."

தொட்டி காலியானதும் பாஸ்தியான் முன்னாலிருந்து தள்ள, அத்தையின் வண்டி கிளைகளைப் பற்றிக்கொண்டு பின்புறமாக வெளியே ஏறியது. கோராலி குழாயை அவளிடம் கொடுத்தாள். மேலே தங்கள் தொட்டியில் தண்ணீர் பிடிக்க அவளுக்கு அது வேண்டும். பிறகு இவர்கள் பாரத்தோடு பின்பக்கமாகவே இறங்கி, அகலமான இடத்தில் திரும்பி, கொட்டகையைப் பார்த்து விரைந்தார்கள்.

கொட்டகை முழுக்க வெள்ளை ஆவி. உள்ளே அப்பா வாளியும் கையுமாக வெளியிலிருந்து பனியை அள்ளி வந்து கொப்பரையில் போட்டுக்கொண்டிருந்தார். இருப்புத் தொட்டி வற்றிவிட்டிருந்தது. அம்மா அடுப்புக் கதவைத் திறந்து, எரிகிற கட்டைகளை வெளியே இழுக்கப் பார்த்தாள். இருவர் முகத்திலும் கரி.

பாஸ்தியான் ஓடிப்போய்த் தொட்டியை மோட்டாரில் இணைத்தான். சில நிமிடங்களில் கொப்பரைக்குள் தண்ணீர் பாய்ந்தது. கருகத் தொடங்கிய வாசனை மெல்ல அடங்கியது. அப்பா வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு அவர் வழக்கம்போலக் குழாயின் நுனியில் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். புருவம் ஏறியது.

"இது நம்ம தண்ணி இல்லையே."

"ஜினெத் அத்தையோடது" என்றாள் கோராலி. நடந்ததை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். தங்கள் தண்ணீரை எடுத்துக்கொள்ளச் சொன்னதையும் சொன்னாள். சொல்லும்போது அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது.

அப்பா கரி படிந்த கையால் முகத்தைத் துடைத்தார். முகம் இன்னும் கறுத்தது. "என்னைக் கேட்டிருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார். "நல்லவேளை, நீ கேக்கல."

பொழுது சாயும் நேரத்தில் அந்தத் தண்ணீர் பாகாகித் திரண்டு வந்தது. அப்பா ஒரு கரண்டியில் எடுத்து ஊதிக் குடித்தார். இன்னொரு கரண்டி எடுத்தார். மூன்றாவது எடுக்கப் போனபோது அம்மா கையைத் தட்டிவிட்டாள்.

"எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டாள் கோராலி.

"ம்."

"நல்லா இருக்குதானே?"

"ம்."

"அத்தைகிட்ட அதைச் சொல்லணும்ப்பா. சொன்னா பாவம் சந்தோஷப்படுவாங்க."

"சொல்லணுமா?"

கோராலி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பா பெருமூச்சு விட்டபடி தொலைபேசியை எடுத்தார். பல் பிடுங்கிக்கொள்ளப் போகிறவர் முகம் அப்படித்தான் இருக்கும்.

"ஜினெத்? நான்தான் லெயோ. தண்ணி எடுத்தாச்சா? சரி. வந்து... உன்னோட தண்ணி இருக்கு பாரு..."

அவர் நிறுத்தினார். தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். மறுபக்கத்திலிருந்து குறட்டைச் சத்தம் கொட்டகை முழுக்கக் கேட்டது.

"தூங்கிட்டா" என்றார் அப்பா. அவர் முகத்தில் அன்று முழுவதும் இல்லாத நிம்மதி வந்தது. அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு தொலைபேசியை வாயருகே கொண்டுபோய் மெதுவாகச் சொன்னார்.

"உன் தண்ணி ரொம்ப நல்லா இருக்கு ஜினெத். நான் காய்ச்சினதிலயே இந்த மாதிரிப் பாகு வந்ததில்ல."

குறட்டை நின்றது.

"கேட்டுச்சு லெயோ" என்றது தொலைபேசி. "இன்னொரு தடவ சொல்லு. மொரீஸையும் எழுப்பிடறேன்."