அறையை விட்டு வெளியே போன இதயம்

லாரி ஓட்டுநர் இரண்டு மாடி ஏறி வந்து அழைப்பு மணியை அடித்தார். கதவு திறந்த பிறகும் அவரால் உடனே பேச முடியவில்லை. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பொறுங்கள் என்று சைகை காட்டினார். சட்டைப் பையிலிருந்து வாயு மாத்திரை ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்ட பிறகுதான் பேச்சு வந்தது.

"என் பொண்டாட்டிக்கு இதயம் சரியில்லன்னு எழுதிக் குடுத்துட்டாங்கம்மா. அது பொய். நீங்கதான் நிரூபிக்கணும்."

கதவைத் திறந்தவர் ஒரு காலத்தில் காப்பீட்டு நிறுவனத்தில் சந்தேகமான விண்ணப்பங்களை விசாரித்தவர். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். எதற்கும் பதறாதவர் என்பதால் தெருவில் அவருக்கு நிதானம் என்றே பெயர். அவருக்குத் துணை, நாற்பது வயதைத் தாண்டிய தம்பி. மின்விசிறி விற்பது அவர் தொழில், அக்காவின் வழக்குகளில் மூக்கை நுழைப்பது அவர் உயிர். அக்காவின் பெயரைத் தலைகீழாகப் புரட்டி அவரை அவசரம் என்று கூப்பிட்டார்கள். அவரும் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருந்தார்.

"முதல்ல உட்காருங்க. தண்ணி குடிங்க. அப்புறம் முதல்ல இருந்து சொல்லுங்க" என்றார் நிதானம்.

ஓட்டுநர் உட்கார்ந்தார். மனைவியைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் அவர் முகமே மாறிவிட்டது.

"அவ அடுக்குமாடி வீடுங்களுக்குத் தண்ணி கேன் போடுறவம்மா. தோள்ல ஒண்ணு, கையில ஒண்ணு, நாலு மாடி ஏறுவா. தீயணைப்பு வேலைக்குப் போகணும்னு அவளுக்கு ஆசை. வயசு வரம்புப்படி இதுதான் கடைசி வருஷம். ஒரு வருஷமா விடியக்காலையில பூங்காவுல ஓடினா. நெஞ்சுல துடிப்பு பார்க்கிற பட்டை, மணிக்கட்டுல வாட்ச். பட்டை ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்னு போட்டிருந்தான், வாங்கிட்டோம். துடிப்பு ஏறினா வேகத்தைக் குறைப்பா, இறங்கினா கூட்டுவா. டாக்டருக்குப் படிச்சவங்க மாதிரி கணக்குப் போடுவா!"

"தேர்வு அன்னைக்கு?"

"டிரெட்மில்ல ஓட விட்டாங்க. பார்க்கிறவங்களைத் தடுக்கக் கட்டின கயித்துக்கு இந்தப் பக்கம், அவளை ஒட்டி நான் நின்னு கத்திக்கிட்டே இருந்தேன். நடுவுல காவலாளி வந்து, சத்தம் போடாதேன்னு என்னை வெளிய தள்ளிட்டாரு. கெஞ்சிக் கூத்தாடி திரும்ப உள்ள வந்தேன். அவ முழுசா ஓடி முடிச்சாம்மா! இருக்கிற ஒரே இடத்துக்குப் போட்டியா பக்கத்துல ஓடின ஜிம் மாஸ்டருக்கே நாக்கு தள்ளிடுச்சு. அப்புறம் அதிகாரி வந்து, துடிப்பு தாறுமாறா இருக்கு, இனிமே ஓடினா உயிருக்கே ஆபத்துன்னுட்டாரு."

அவர் குரல் இறங்கியது. "அன்னையில இருந்து மூலையில உட்கார்ந்திருக்கா. கேனைத் தொடுறதில்ல. பிள்ளையைத் தூக்கக்கூட பயப்படுறா. கிளினிக்ல படுக்கவெச்சுப் பார்த்து, நல்லாத்தான் இருக்குன்னாங்க. அதிகாரி கேட்கமாட்டேங்கிறாரு. படுத்திருக்கும்போது தெரியாது, ஓடும்போதுதான் தெரியும்னு சொல்றாரு."

"அக்கா, அந்த ஜிம் மாஸ்டர்தான்!" என்று துள்ளினார் அவசரம். "இருக்கிறது ஒரே இடம். தோத்துடுவோம்னு பயந்து இயந்திரத்துல ஏதோ பண்ணியிருக்கான்."

"ஆளைப் பார்க்காமலே பிடிச்சுட்டியா? சட்டையைப் போடு, நேர்ல பார்ப்போம்" என்ற நிதானம் ஓட்டுநர் பக்கம் திரும்பினார். "நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் நிலையத்துக்கு வாங்க. தேர்வு அன்னைக்கு எப்படி வந்தீங்களோ, அப்படியே வரணும்."

சட்டையில் ஒரு கையை நுழைத்திருந்த அவசரம் ஏமாற்றத்தோடு அதைக் கழற்றினார்.

தீயணைப்பு நிலையத்தின் பயிற்சிக் கூடம் மூன்றாம் மாடியில் இருந்தது. அதிகாரி விறைப்பானவர், ஆனால் ஒளிவுமறைவு இல்லாதவர். தேர்வுப் பதிவைக் கேட்டதும் கணினித் திரையில் போட்டுக் காட்டினார்.

"நான் எந்தப் பாரபட்சமும் பார்க்கலை. கோட்டைப் பாருங்க, அதுவே பேசும்."

கோடு பேசத்தான் செய்தது. ஏறி, சரிந்து, குதித்து, பித்துப் பிடித்ததுபோல் ஓடியது. நிதானம் அதன் தொடக்கத்தைக் காட்டினார்.

"இங்க அவங்க ஓடவே ஆரம்பிக்கலையே. அதுக்குள்ள ஏன் இவ்வளவு துடிப்பு?"

"பதற்றம்னு நினைச்சேன்."

"நடுவுல கோடே இல்லையே?"

"பட்டை நழுவியிருக்கும்."

"நழுவின பட்டை தானாவே சரியாச்சா?"

அதிகாரி கோட்டை மறுபடி உற்றுப் பார்த்தார். நிதானம், கதவருகே தலைகுனிந்து நின்ற ஓட்டுநரின் மனைவியிடம் போனார். அந்தப் பெண்ணின் தோள்கள் கேன் சுமந்து உரமேறியவை. ஆனால் அவர் நின்ற நிலையில், யாரோ கண்ணாடிப் பாத்திரத்தைக் கையில் கொடுத்ததுபோன்ற பயம் இருந்தது.

"வீட்டுல பட்டையை எப்படிக் கட்டுவீங்கம்மா?"

"உள்பக்கம் தண்ணி தொட்டுத் தடவிக் கட்டுவேன் மேடம். காய்ஞ்சிருந்தா வேலை செய்யாது." அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "அன்னைக்குப் பதற்றத்துல தண்ணி தொட மறந்துட்டேன்."

"வாட்ச்?"

"கழற்றி வாங்கி வெச்சுட்டாங்க."

"எல்லாருக்கும் அதே விதிதான். எங்க இயந்திரத்துல பதிவாகிறது மட்டும்தான் கணக்கு" என்றார் அதிகாரி.

மூலையில் நின்ற மெக்கானிக்கிடம் நிதானம் கேட்டார். "இந்த இயந்திரம் எந்தப் பட்டையோட துடிப்பை எடுத்துக்கும்?"

"பழைய மாடல் மேடம். ஆன் பண்ணினதும் பக்கத்துல எந்தப் பட்டை முதல்ல வேலை செய்யுதோ, அதைப் பிடிச்சுக்கும். நிறுத்துற வரைக்கும் அதை விடாது. பத்தடி தள்ளிப் போனா மட்டும் சிக்னல் அறுந்துடும்."

"பார்த்தியாக்கா!" அவசரத்தின் விரல், சாட்சி சொல்ல வந்திருந்த ஜிம் மாஸ்டரை நோக்கி நீண்டது. "பக்கத்து இயந்திரத்துல ஓடினது இவன்தான்! இவன் பட்டையைத்தான் பிடிச்சிருக்கு!"

ஜிம் மாஸ்டர் பரிதாபமாகப் பார்த்தார். "நான் ஒரு நிமிஷம்கூட இறங்கலை சார். இறங்கியிருந்தா கொஞ்சம் மூச்சாவது விட்டிருப்பேன்."

"அவர் சொல்றது சரி" என்றார் நிதானம். "தம்பி, கோட்டை இன்னொரு தடவை பாரு. ஓட்டம் தொடங்குறதுக்கு முன்னாடியே இந்த இதயம் களைச்சிருக்கு. நடுவுல பத்தடிக்கு மேல தள்ளிப் போயிருக்கு. அப்புறம் திரும்ப வந்திருக்கு. டிரெட்மில்ல ஓடுறவங்க இதயம் அறையை விட்டு வெளியே போகுமா?"

நிதானம் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"பட்டையைக் கழற்றி அந்தப் பக்க அறையில வெச்சுட்டு வாங்கம்மா. மாஸ்டர், உங்ககிட்ட பட்டை இருக்கா?"

"இன்னைக்குக் கொண்டுவரலை."

மனைவி பட்டையை வைத்துவிட்டு வந்தார். நிதானம் மெக்கானிக்கிடம் இயந்திரத்தை ஆன் பண்ணச் சொன்னார். டிரெட்மில்லின் மேல் ஆள் இல்லை. சுற்றிலும் எல்லோரும் நின்றிருந்தார்கள், கயிற்றுக்கு இந்தப் பக்கம், பழகிய இடத்தில், ஓட்டுநர். திரை கொஞ்ச நேரம் வெறுமையாக இருந்தது. பிறகு ஒரு எண் தோன்றியது. குதித்தது, தடுமாறியது, மறுபடி குதித்தது.

அவசரம் வாயைப் பிளந்தார்.

"கொஞ்சம் வராண்டா வரைக்கும் போயிட்டு வாங்க" என்று ஓட்டுநரிடம் சொன்னார் நிதானம். அவர் ஒன்றும் புரியாமல் போனார். எண் மறைந்தது. திரும்பி வந்தார். எண்ணும் வந்தது.

"சட்டைக்குள்ள என்ன கட்டியிருக்கீங்க?"

ஓட்டுநர் வெட்கத்தோடு மேல் பொத்தான்களைக் கழற்றினார். நெஞ்சில் வியர்வையில் ஊறிய பட்டை ஒன்று இருந்தது.

"இலவசமா வந்த பட்டைம்மா. அவ தனியா ஓடுற மாதிரி நினைக்கக்கூடாதுன்னு நானும் கட்டிக்குவேன். என்கிட்ட வாட்ச் கிடையாது, சும்மா ஒரு துணைக்கு. பூங்காவுல பெஞ்சுல உட்கார்ந்திருப்பேன். தேர்வு அன்னைக்கும் கட்டியிருந்தேன்."

"மூணு மாடி ஏறி வந்ததுல உங்க பட்டை நல்லா நனைஞ்சிருந்தது. அவங்க பட்டை காய்ஞ்சிருந்தது. இயந்திரம் உங்களைப் பிடிச்சுக்கிச்சு. காவலாளி வெளிய தள்ளினப்போ கோடு அறுந்தது, நீங்க வந்ததும் ஒட்டிக்கிச்சு. இந்தப் பதிவுல அவங்க இதயத்தோட ஒரு துடிப்புகூட இல்ல."

ஓட்டுநரின் முகம் மலர்ந்தது. இரண்டு கைகளையும் தட்டிக்கொண்டு அதிகாரியைப் பார்த்தார்.

"கேட்டீங்களா சார்? அவளுக்கு ஒண்ணுமில்ல! நான்தான் சொன்னேனே, அவ இதயம் இரும்புன்னு!"

அந்த அறையில் சிரித்தது அவர் ஒருவர்தான். மற்ற எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் அசைந்தவர் மனைவி. இத்தனை நாள் பிள்ளையைத் தூக்கவே பயந்தவர், ஒரே எட்டில் கயிற்றைத் தாண்டி வந்து கணவரின் தோளைப் பிடித்தார்.

"என்னங்க, உட்காருங்க."

"நீ போய் ஏறும்மா. பட்டையை நனைச்சுக் கட்டிக்கிட்டு இப்பவே ஓடிக் காட்டு."

"அந்த எண்ணு உங்களோடதுங்க! ஒரு வருஷமா வாயு வாயுன்னு மாத்திரை தின்னீங்களே, இதுதானா அது?" அவர் குரல் உடைந்தது. ஆனால் கைகள் உறுதியாக இருந்தன. "சார், ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க. தேர்வும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"கூப்பிட்டாச்சும்மா" என்றார் அதிகாரி. அவருடைய விறைப்பு எங்கேயோ போயிருந்தது. "தப்பு என்னோடது. இவர் ஆபத்தைத் தாண்டட்டும், தேர்வை மறுபடி வைக்கிறேன். அதுவரைக்கும் அந்த இடத்துக்கு ஆள் எடுக்கமாட்டேன்."

ஜிம் மாஸ்டர் தலையை ஆட்டினார். "நானும் அவங்களோட இன்னொரு தடவை ஓடுறேன் சார். ஜெயிச்சா நியாயமா ஜெயிக்கணும்."

படியிறங்கும்போது அவசரம் கேட்டார். "நம்மகிட்ட வந்தவரையே எப்படிக்கா சந்தேகப்பட்டே?"

"அவரை நான் குற்றவாளின்னு சந்தேகப்படலடா. நம்ம வீட்டு வாசல்ல அவர் மூச்சு வாங்கினதை நீயும்தானே பார்த்தே. உனக்கு அதுக்குள்ள மாஸ்டர்மேல கண்ணு போயிடுச்சு."

ஓட்டுநரின் இதய ரத்தக்குழாயில் இருந்த அடைப்பை மருத்துவர்கள் நீக்கினார்கள். இன்னும் சில வாரம் விட்டிருந்தால் ஓடும் லாரியிலேயே முடிந்திருக்கும் என்றார்கள். மறுதேர்வு நடந்த நாளில் அவர் மருத்துவமனையில்தான் இருந்தார். படுக்கையை விட்டு இறங்கக்கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. அவருக்குப் பதிலாகக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று கத்துவதற்கு அவசரம் போயிருந்தார். அந்த வேலைக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. நிதானம் மருத்துவமனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

கைபேசி ஒலித்தது. ஓட்டுநர் அதைக் காதில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். மறுமுனையில் பேசியது மனைவி.  ஓட்டுநரின் கண்களிலிருந்து நீர் வழிந்தது.

தலைமாட்டில் இருந்த கருவியில் எண் கிடுகிடுவென்று ஏறியது. அலாரம் அடித்தது. செவிலியர் ஓடி வந்தார்.

"என்ன ஆச்சு? நெஞ்சு வலிக்குதா?"

"இல்லம்மா" என்றார் ஓட்டுநர். "என் பொண்டாட்டி தீயணைப்புப் படையில சேர்ந்துட்டா. கொஞ்ச நேரம் அடிக்கட்டும், விடுங்க."