நூற்று நாற்பத்து மூன்றாவது மீட்பு

காலை ஒன்பதே முக்காலுக்குத் தெய்வானை தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, துவைத்த புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு, லாரிக்கு முன்னால் போய் நிற்பதற்காகக் கருங்கல்பட்டிப் பிரிவுக்கு வந்தாள். அன்று அவள் முறை. நாச்சிமுத்து பட்டியலும் கையுமாகக் காத்திருந்தார்.

"வாங்க அம்மிணி. சாப்புட்டாச்சா? வெறும் வயித்தோட இறங்குனா கிறுகிறுன்னு வரும்."

பதினோரு வருடமாக ஊருக்கு முறை போடுகிறவர் அவர்தான். கர்ப்பிணிகள் இறங்கவேண்டாம், பதினைந்து வயதுக்குக் கீழே யாரும் கூடாது என்று ஒழுங்கு வைத்ததும் அவர்தான். தங்கமான மனுஷன். போன மாதம் தன் முறை வந்தபோது வாயில் வெற்றிலையோடு இறங்கி, நின்ற லாரியின் முகப்பைத் தட்டிக்கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

விஷயம் இதுதான். நெடுஞ்சாலையில் ஓடுகிற ஆளில்லா லாரி ஒவ்வொன்றிலும் தன்தடை இருக்கவேண்டும் என்பது சட்டம். சாலையில் ஆள் இறங்கினால் அது லாரியைப் பத்தடி தள்ளி நிறுத்திவிடும்; கணக்கில் ஒரு மீட்பு என்று பதிவாகும். ஆனால் தன்தடை விழித்திருக்கும் இடத்தில் லாரி மெதுவாகத்தான் போகும், சரக்கு தாமதமாகும். அந்தத் தாமதத்தை ஒரு தட்டிலும், காப்பாற்றிய உயிர்களை மறு தட்டிலும் வைத்து, வருடம் ஒருமுறை ஊர் ஊராக நிறுத்துப் பார்ப்பதற்கு விதி நிறுவை என்று பெயர். உயிர்த் தட்டு கனத்தால் விதி நீடிக்கும். கனக்காவிட்டால், அந்த இடத்தைக் கடக்கிற லாரிகளில் தன்தடை தானாக அணைந்துவிடும்.

பக்கத்துச் செம்மண்மேட்டு ஜனங்கள் பாவம், ஜாக்கிரதையாக நடந்தார்கள். ஒரு வருடம் முழுக்க ஒரு மீட்புகூடப் பதிவாகவில்லை. ஆபத்தே இல்லாத இடத்தில் விதி எதற்கு என்று நிறுவைக்காரர்கள் எடுத்துவிட்டார்கள். நாலே மாதத்தில் பத்தொன்பது பேர். அப்புறம் விதி திரும்பி வந்தது; பத்தொன்பது பேர் வரவில்லை. கருங்கல்பட்டி அதைப் பார்த்துப் புத்தியாகப் பிழைத்துக்கொண்டது. ஆள் மாற்றி ஆள் இறங்குகிறார்கள். ஓர் ஆளுக்கு வருடத்துக்கு ஒரு மீட்புதான் செல்லும். இந்த வருடம் தேவை நூற்று நாற்பத்து மூன்று. தெய்வானை ஒருத்திதான் பாக்கி. பத்து மணிக்கு நிறுவை முடிகிறது.

லாரி ஒன்று வந்தது. தெய்வானை விளிம்பில் நின்றாள். லாரி அவளைத் தாண்டிப் போயிற்று.

"பயமா இருக்குதுங்களா? கண்ணை மூடிக்கிட்டு ரெண்டு எட்டு வைங்க, போதும்."

"இல்லீங்ணா. நான் இறங்கலைங்க."

நாச்சிமுத்து அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"எனக்கு பயம் இருக்குதுங்க. வஞ்சிக்குத்தான் இல்லை," என்றாள். வஞ்சி அவள் மகள், பன்னிரண்டாம் வகுப்பு. "ரெண்டு வாரத்துக்கு முன்னால பரீட்சை எழுத டவுனுக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்க தன்தடையை எடுத்துட்டாங்க. பஸ்ஸை விட்டு இறங்கினவ, வூட்டு வாசல்ல நடக்கற மாதிரி நேரா ரோட்டுல நடந்தா. யாரோ ஒரு பொம்பளை பையைப் புடிச்சு இழுத்துப் போட்டா. இவ என்ன கேட்டா தெரியுமா? அந்தக்கா எதுக்கும்மா என்னைத் தள்ளினாங்கன்னு கேட்டா."

அதற்குப் பிறகு தினமும் சாலையோரம் நிறுத்தி, வலது பக்கம் பார், இடது பக்கம் பார் என்று சொல்லிக் கொடுத்தாள். சொன்னால் பார்ப்பாள். சொல்லாவிட்டால் நடந்துவிடுவாள். பிறந்ததிலிருந்து லாரி நின்றே பார்த்த பெண். கருங்கல்பட்டியில் இருபது வயதுக்குக் கீழே எல்லாரும் அப்படித்தான்.

"எட்டு மாசத்துல காலேஜுக்குப் போயிருவா. அதுவரைக்கும் இங்க தன்தடை இல்லாம இருந்தா அவ உடம்பு கத்துக்கும்."

"மத்தவங்க?"

"சொல்லி வெச்சா பாத்து நடப்பாங்க."

"செம்மண்மேட்டுலயும் அப்படித்தான் சொன்னாங்க, அம்மிணி."

"தெரியுங்க. ரெண்டு வாரமா எனக்குச் சோறு இறங்கலை. நிறுவைக்காரங்களுக்கு ரெண்டு தட்டு இருக்குதுங்க. நான் பெத்தவ. எனக்கு ஒரு தட்டுதான்."

இன்னும் இரண்டு லாரிகள் கடந்தன. பத்து மணிக்கு, தன்தடை விழித்திருப்பதைக் காட்டும் கம்பத்துப் பச்சை விளக்கு அணைந்தது. பிரிவு டீக்கடையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். அடுத்து வந்த லாரி வேகம் குறைக்காமலே போயிற்று. ஹாரன் கிடையாது. உள்ளே ஆளும் கிடையாது. காற்று மட்டும் தெய்வானையின் முந்தானையை இழுத்துவிட்டுப் போனது. தப்புச் செய்துவிட்டோமோ என்று அவளுக்கு முதல் தடவையாகத் தோன்றியது.

எதிர்ப்புறம் பள்ளிக்கூட வாசலிலிருந்து வஞ்சி வந்துகொண்டிருந்தாள். அம்மாவின் முறையைப் பார்க்க அனுமதி கேட்டு வந்திருப்பாள்.

நாச்சிமுத்து பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"நான் உங்களைக் குத்தம் சொல்லலை, அம்மிணி. எனக்கும் பிள்ளைங்க இருக்குது. முதல்ல பள்ளிக்கூடத்துல போய்ச் சொல்லோணும், ஒரு குழந்தைகூட ரோட்டுல காலை வெக்கப்படாதுன்னு."

அவசரமாகத் திரும்பினார். பதினோரு வருடமாக இறங்குகிற மாதிரியே, தலையைத் திருப்பாமல், சாலையில் இறங்கினார்.

தெய்வானை கூப்பிட வாய் திறப்பதற்குள் ஆகிவிட்டது. பிரேக் சத்தம்கூட இல்லை. லாரி அதே வேகத்தில் வளைவைத் தாண்டி மறைந்தது.

எதிர்ப்புறத்தில் வஞ்சி தூக்கிய காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். யாரும் சொல்லாமலே வலது பக்கம் பார்த்தாள். இடது பக்கம் பார்த்தாள். மறுபடியும் வலது பக்கம். தெய்வானை ஆசைப்பட்டது இதற்குத்தான்.

சாலை காலியாகவே இருந்தது. வஞ்சி நகரவில்லை.

"அம்மா," என்றாள் அங்கிருந்தே. "நான் எப்படி அந்தப் பக்கம் வர்றது?"