கடைசியாகத் தெரிந்த முகவரி

வயது பூஜ்யம் என்று இருந்தது.

பத்மஜா கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தாள். பூஜ்யம்தான். கல்யாணராமன் என்ற பெயர் சரி, தகப்பனார் பெயர் சரி, கரமனை அக்ரஹாரத்து வீட்டு எண்ணும் சரி. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் காணாமல்போனபோது அவள் புருஷனுக்கு ஐம்பத்தொரு வயது.

காலையில் பிடித்த மழை நாலரை மணிக்கும் விடவில்லை. ஈரச்சுவரின் வாடை, பக்கத்து வீட்டுக் குழம்பு கொதிக்கும் வாடை, ஓட்டிலிருந்து முற்றத்தில் ஒரே சீராகக் கொட்டும் தண்ணீரின் சத்தம் இவற்றுக்கு நடுவே உட்கார்ந்து, கழக்கூட்டத்துக் கம்பெனி ஒன்றுக்கு அவள் இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தாள். பெயரைப் போட்டால் ஆளைத் தேடித் தரும் ஐந்து இணையதளங்களை ஒப்பிட்டு மதிப்பெண் போடவேண்டும். சோதனைக்கு, விடை நிச்சயமாகத் தெரிந்த பெயர் ஒன்று தேவை. செத்தவர் பெயர் உத்தமம். அவரை உயிரோடு காட்டும் தளத்துக்கு மதிப்பெண் கிடையாது, அவ்வளவுதான்.

செத்தவர் என்று யார் கண்டது? போனகாடு எஸ்டேட்டில் வேலை பார்த்தவர், ஒருநாள் சாயங்காலம் வித்துரா பக்கத்துக் காட்டில் நடக்கப் போனார். திரும்பவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. பன்னிரண்டு வருஷம் காத்திருந்துதான் கர்மம் செய்யலாம் என்றார் புரோகிதம் பண்ணும் வாத்தியார். ஒன்பது வருஷம் வாசற்கதவைத் தாழ்ப்பாள் போடாமல், தினமும் ஒரு தட்டு கூடுதலாக வைத்து, குங்குமம் இடுவதா வேண்டாமா என்று கண்ணாடி முன்னால் நின்று நின்று அவளுக்கு அலுத்துப்போய்விட்டது. மனுஷி எத்தனை நாள்தான் தாங்குவாள்? வேறொரு வாத்தியாரைப் பிடித்தாள். போன மாதம், அவர் தொலைந்துபோன வித்துராவிலேயே, ஆற்றங்கரையில் ஆள் உயரத்துக்குத் தர்ப்பைப் புல்லால் உருவம் கட்டி, அவர் பெயரைச் சொல்லி, வெளியூரில் இருக்கும் மகன் அனந்தை வரவழைத்து அவன் கையால் கொள்ளி வைக்கச் செய்தாள்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் நெருப்பு பிடித்ததும், இருபது வருஷம் வாசலில் நின்று வழியனுப்பிப் பழகிய வாய், "போயிட்டு வாங்கோ" என்றுவிட்டது. சுடலையில் யாரும் சொல்லாத வார்த்தை. வாத்தியார் மந்திரத்தை நிறுத்தி அவளை ஒருமுறை பார்த்தார்.

திரையில் பிறந்த தேதியைப் பார்த்தாள். கொள்ளி வைத்த நாள்.

கடைசியாகத் தெரிந்த முகவரி: வித்துரா ஆற்றங்கரை.

இரண்டாவது தளத்தைத் திறந்தாள். அதே பெயர், அதே பூஜ்யம். போன வாரம், நெடுமங்காடு. மூன்றாவது தளத்தில் நேற்று, பேரூர்க்கடை. ஆபீஸில் ஜினுவுக்குப் போன் போட்டாள். அவன்தான் அவளுக்கு மேலதிகாரி, மலையாளம் கலந்த தமிழ் பேசுவான்.

"சேச்சி, வயசு கிடைக்கலேன்னா ஸீரோ காட்டும் கேட்டோ. வேற யாரோ ஆளா இருக்கும், விடுங்க."

"அட்ரஸ் மாறிண்டே இருக்கே ஜினு. ஒவ்வொண்ணுலயும் இன்னும் கிட்ட வரது."

"புது டேட்டா உள்ள தளம்தான் நல்ல தளம். அதுக்கு மார்க்கு கூட்டிப் போடுங்க, சேச்சி."

நான்காவது தளம். இன்று, மூன்று பத்து. கரமனைப் பாலம்.

பாலத்திலிருந்து வீட்டுக்குப் பத்து நிமிஷ நடை. எழுந்துபோய் வாசலைப் பார்த்தாள். கர்மம் முடிந்த நாளிலிருந்து மறக்காமல் போடுகிற தாழ்ப்பாள், போட்டபடியே இருந்தது. திரும்பி வந்தாள். ஐந்தாவது தளம் திறக்க நேரமெடுத்தது. வட்டம் சுற்றியது. நெய் தீய்ந்த வாடை வந்தது. பக்கத்து வீட்டுச் சமையல் என்று நினைத்துக்கொண்டாள். அப்புறம் புல் கருகிய வாடை.

திரை நிரம்பியது. முகவரி, இந்த வீடு. நேரம், இப்போது. வசிப்பவர்கள், இரண்டு பேர்.

கொல்லைக்கதவு.

ஆற்றைப் பார்த்த கதவு. அதற்குத் தாழ்ப்பாள் போடும் வழக்கமே இந்த வீட்டில் கிடையாது.

சமையலறையில் தட்டு நகர்ந்தது. ஒரு மாதமாக அவள் எடுக்காத தட்டு. கவிழ்த்து வைத்த தட்டு.

போனாள். போகாமல் என்ன செய்வது?

தட்டு தரையில் நிமிர்ந்திருந்தது. அதன் முன்னால், அவர் எப்போதும் உட்காரும் இடத்தில், சம்மணமிட்டு, ஆற்றங்கரையில் எரித்த அந்த உருவம். முடிச்சு முடிச்சாகத் தர்ப்பை. அதிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டியது. தட்டில் சாம்பல் உதிர்ந்தது. அன்று வாத்தியார் தலை கட்டினார். கை கட்டினார். கால் கட்டினார்.

வாய் வைக்கவில்லை.

முகம் இருக்கவேண்டிய இடத்து முடிச்சு, அவளைப் பார்த்தபடி, வாய் திறப்பதுபோல மெல்ல அவிழத் தொடங்கியது.