கூகைமலையும் தலைவரின் இடது காலும்

"எனக்கு முன்னாடி ஒருத்தர் காலும் போகக் கூடாது! புரிஞ்சுதா?"

கூகைமலை அடிவாரத்தில் நின்று, கழுத்தில் தொங்கிய விசிலை மூச்சு முட்ட ஊதிவிட்டு இப்படி முழங்கினார் தணிகாசலம். கல்வேட்டை மன்றத்தின் தலைவர். தலைவர் மட்டுமா? நிறுவனர், நிரந்தர ஆலோசகர், இந்த வருஷத்திலிருந்து 'மலைவேந்தர்' வேறு. கடைசிப் பட்டத்தைக் கொடுத்தது யார் என்று கேட்டால் மீசையைத் தடவிக்கொள்வார். அதுதான் பதில். அகலத் தொப்பி, உடம்பெல்லாம் பை வைத்த சட்டை, கெண்டைக்கால் வரை ஏறும் வெளிநாட்டு பூட்ஸ்.

எதிரே நின்றவர்கள் மூன்றே பேர். மூன்று பேரை மேய்க்க எதற்கு விசில்? கோசலைக்கு வயிறு எரிந்தது.

எரிய நியாயமும் இருந்தது. வாரம் முழுக்க ஸ்கூட்டர் ஷோரூமில் நின்றுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆனால் சுத்தியலோடு மலை ஏறுகிறவள் அவள். இரண்டு வருஷமாக இந்த மலையில் ஒரே தடயத்தைப் பிடித்துக்கொண்டு அலைகிறாள். ஓடை மணலில் முதலில் ஒரு துண்டு கிடைத்தது. புகை படிந்த கண்ணாடி மாதிரி, உள்ளே பழுப்பு வெளிச்சத்தோடு. புகைப்படிகம்! மேலே எங்கோ பாறைக்குள் ஒரு பொந்து இருக்கிறது, அதில் முழுப் படிகங்கள் நிற்கின்றன, மழைதான் இதைக் கழற்றிக்கொண்டு வந்திருக்கிறது என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் இன்னும் கொஞ்சம் மேலே தேடினாள். இன்னும் கொஞ்சம் மேலே துண்டு கிடைத்தது.

மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. பொந்தைக் கண்டுபிடிக்கிறவர்தான் முதலில் உள்ளே கை விட வேண்டும். 'முதல் கை' என்று அதற்குப் பெயர். முதல் கை யாருடையதோ, மன்றத்துக் கண்ணாடி அலமாரியில் அந்தக் கல்லுக்கு முன்னால் வைக்கிற சீட்டில் அவர் பெயர் இருக்கும். அருமையான வழக்கம். அதை விதியாக்கியவரும் தணிகாசலம்தான். ஆனால் பொந்து கிடைத்தது என்று யார் குரல் கொடுத்தாலும் ஓடி வந்து, "பாம்பு கீம்பு இருக்கும், தள்ளிக்கோ பாப்பா!" என்று நம் பாதுகாப்புக்காகத் தன் கையை விட்டுவிடுவார். போன வருஷம் கோசலை கண்டுபிடித்த சிவப்புக் கார்னெட் படிகக் கொத்து அப்படித்தான் போனது. அலமாரி முழுக்கத் தணிகாசலம், தணிகாசலம், தணிகாசலம். இத்தனை பொந்தில் ஒரு பாம்பைக்கூட அவர் பிடித்ததில்லை.

போதாததற்கு அந்தப் 'பாப்பா'! முப்பது வயசு முடிந்தவளைப் பார்த்து!

"அது என்னண்ணே தோள்ல?" என்று பொருளாளர் குப்புராஜைக் கேட்டாள். நீளமாகச் சுருட்டிய பிளெக்ஸ் ஒன்றைச் சுமந்துகொண்டு அவர் இப்போதே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"ரகசியம்மா. சாயங்காலம்தான் பிரிக்கணும்னு தலைவர் உத்தரவு. மேளம், மாலை எல்லாம் சொல்லியாச்சு. மன்றத்து ஆளுங்க பூரா அடிவாரத்துக்கு வந்துருவாங்க."

"மேளம் எதுக்கு?"

"கண்டுபிடிப்புக்கு!"

"இன்னும் ஏறவே இல்லையேண்ணே!"

பக்கத்தில் நின்ற இம்தியாஸ் சிரித்தான். லேத் பட்டறைக்காரன். கோசலையின் உளிகளெல்லாம் அவன் அடித்துக் கொடுத்தவை. "விடு கோசலை. மேளக்காரங்களுக்குச் சொல்லியாச்சுல்ல? இனிமே கல்லு தானா வந்து நிக்கும்."

ஏறத் தொடங்கினார்கள். உண்ணிமுள் கையைக் கிழித்தது. வழுக்குப்பாறையில் நாலு காலால் தவழ்ந்தார்கள். "மேல பாரு, குளவிக்கூடு! சத்தம் போடாம வாங்க!" என்று கோசலை கிசுகிசுத்தாள். உடனே விசில் ஊதினார் தலைவர், எல்லோரையும் எச்சரிக்க! குளவிகளுக்குத்தான் முதலில் கேட்டது. தலைதெறிக்க ஓடினார்கள். ஓடி நின்ற இடத்தில் தலைவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "குப்புராஜ், ஒரு போட்டோ" என்றார்.

இன்னொரு விஷயமும் கோசலை கண்ணில் பட்டது. தலைவரின் முதுகுப்பை கல்லாகக் கனத்தது. இம்தியாஸ் வாங்கிக்கொள்ளக் கை நீட்டியபோது, குழந்தையைப் பிடுங்க வந்தவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "கயிறு எடுத்துட்டீங்கல்ல தலைவரே?" என்று கோசலை கேட்டதற்கு, "பையில இடமில்லை பாப்பா. அனுபவம் இருக்கிறப்ப கயிறு எதுக்கு?" என்றார்.

மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஓடை இரண்டாகப் பிரியும் இடத்தில் கோசலை சட்டென்று குனிந்தாள். இடது பக்கச் சரிவில் காக்காப்பொன் என்கிற மைக்காத் தகடுகள் மினுங்கின. அதற்கு மேலே வெள்ளைக்கல் ஒரு பட்டையாகப் பாறையை வெட்டிக்கொண்டு போயிற்று. அவள் காலடியில் புகைப்படிகத் துண்டு, விளிம்பு கொஞ்சமும் தேயாமல்! தேயவில்லை என்றால் ரொம்ப தூரம் உருளவில்லை என்று அர்த்தம். பொந்து இங்கேதான்!

"இம்தி! இடது பக்கம்..."

பீப்பீப்பீ!

"இடது பக்கம் ஆபத்து!" என்றார் தலைவர். "நான் மட்டும் போய்ப் பார்த்துட்டு வர்றேன். கூப்பிடற வரைக்கும் ஒருத்தரும் அசையக் கூடாது. குப்புராஜ், கூப்பிட்டதும் வீடியோவைப் போட்டுக்கிட்டே வா!" பையை அணைத்துக்கொண்டு புதருக்குள் மறைந்தார்.

"ரெண்டு வருஷம் இம்தி! ரெண்டு வருஷமா முட்டி தேய ஏறியிருக்கேன். கடைசி நாலு எட்டு அந்த மனுஷன் விசில் ஊதிட்டுப் போறாரு! நாம கை கட்டி நிக்கணுமா?"

இம்தியாஸ் பதில் சொல்வதற்குள் மேலே தடதடவென்று ஏதோ சரிந்தது.

"ஐயோ! குப்புராஜ்! செத்தேன்!"

மூவரும் பாய்ந்து ஓடினார்கள்.

வெள்ளைக்கல் பட்டையின் ஓரத்தில் மண்மூடி உடைந்து ஒரு குழி. அதற்குள் ஆளுயர ஆழத்தில் தலைவர். தொப்பி மட்டும் கம்பீரமாக வெளியே தெரிந்தது. குழியின் விளிம்பில் பை பிளந்து கிடந்தது. அதிலிருந்து உருண்டு வந்திருந்தது பலாப்பழப் பாதி மாதிரி ஒரு கல். உள்ளே முழுக்க ஊதாப் பற்கள்!

"அமெதிஸ்ட்! தலைவர் கண்டுபிடிச்சுட்டாரே!" என்று கூவினார் குப்புராஜ்.

கோசலை கல்லைப் புரட்டி அதன் ஓட்டைப் பார்த்தாள். கறுப்பு ஓடு. "அண்ணே, இந்த மலை பூரா வெள்ளைக்கல்லும் காக்காப்பொன்னும். இது கறுப்பு எரிமலைப் பாறைல விளையறது. மகாராஷ்டிரா பக்கத்துச் சரக்கு. இந்தக் கல்லு மலை ஏறினது இன்னிக்குத்தான், அவர் முதுகுல!"

"ஆராய்ச்சி அப்புறம் பண்ணலாம்! முதல்ல தூக்குங்க!" என்று குழிக்குள்ளிருந்து குரல் வந்தது.

அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. சரிவில் விழுந்த தண்ணீரெல்லாம் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு நேராகக் குழிக்குள் பாய்ந்தது. இம்தியாஸ் ஒரு கையையும் குப்புராஜ் மறு கையையும் பிடித்து இழுத்தார்கள். தலைவர் அலறினார். இடது கால் வரவில்லை. அடியில் இன்னொரு இடுக்குக்குள் அது இறங்கி மாட்டிக்கொண்டிருந்தது.

கோசலை குழிக்குள் குதித்தாள். சேற்றுத் தண்ணீரில் தோள் வரை கையை விட்டுத் துழாவினாள். களிமண். பூட்ஸ். அதற்குப் பக்கத்தில் ஜில்லென்று, வழவழப்பாக ஒரு பட்டை. விரலை நகர்த்தினாள். இன்னொரு பட்டை. இன்னொன்று. ஆறு பட்டை! மேலே கூர்முனை, முழுசாக. பூட்ஸின் அந்தப் பக்கமும் அதே மாதிரி ஒன்று. அவள் முழங்கைத் தடிமனுக்கு இரண்டு படிகங்கள், பட்டறையில் இரும்பைக் கவ்வும் இடுக்கிபோலத் தலைவரின் காலைக் கவ்விக்கொண்டு நின்றன.

கையை எடுக்க மனமில்லாமல் இன்னொரு தடவை தடவிப் பார்த்தாள்.

"என்ன பாப்பா இருக்கு?"

"புகைப்படிகம், தலைவரே. ரெண்டு. சேதாரமே இல்லாம."

"உடை! ரெண்டையும் உடைச்சுத் தள்ளு! குப்புராஜ், கடப்பாரை!"

யார் சொல்வது இதை? போன ஆண்டு விழாவில் மைக்கைப் பிடித்து, "படிகத்தை உடைப்பவன் மனிதனே இல்லை!" என்று கண்ணீர் விட்ட அதே வாய்! கோசலைக்கு வந்த கோபத்தில் மழை சுடுவது போலிருந்தது. ஆனால் தண்ணீர் அவர் இடுப்பைத் தாண்டிவிட்டது. அவர் உதடு நிஜமாகவே நடுங்கியது.

"கேளுங்க தலைவரே. தண்ணி உங்க நெஞ்சுக்கு வந்துச்சுன்னா நானே என் கையால உடைச்சிடறேன். அதுக்கு முன்னாடி வேற வழி பார்க்கறேன். இம்தி, கத்தி!"

"கத்தியா? காலை வெட்டப்போறியா?" என்று அலறினார் தலைவர்.

"பூட்ஸை."

"ஐயையோ! இத்தாலி பூட்ஸ்மா அது!"

"கால் வேணுமா, இத்தாலி வேணுமா?"

அவர் யோசித்தார்! சத்தியமாக யோசித்தார்! கழுத்தைப் பிடிக்கலாம் போலிருந்தது கோசலைக்கு. பதிலுக்குக் காத்திராமல் மூச்சை அடக்கித் தண்ணீருக்குள் முங்கினாள்.

கண் தெரியவில்லை. விரல்தான் கண். பூட்ஸ் கயிற்றின் முடிச்சைத் தேடி அறுத்தாள். தோல் தடியாக இருந்தது. மேலே வந்து மூச்சு வாங்கினாள், மறுபடி முங்கினாள். கத்தி நழுவி உள்ளங்கையில் கீறியது. விடவில்லை. மூன்றாவது தடவை தலை தூக்கியபோது தண்ணீர் அவர் சட்டையின் மேல்பையைத் தொட்டுவிட்டது.

"கோசலை, நேரமாச்சு!" என்று கத்தினான் இம்தியாஸ். உளியையும் சுத்தியலையும் நீட்டினான்.

வாங்கினாள். உளியைப் படிகத்தின் அடியில் வைத்தாள். சொன்ன சொல் சொன்னதுதான். சுத்தியலை ஓங்கியவள், உளியை விட்டுவிட்டு அந்தக் கையால் கடைசித் தடவையாகக் கெண்டைக்காலைப் பிடித்து, "குதிகாலைத் தூக்குங்க! இப்ப!" என்று கத்தினாள். மளுக்கென்று அறுந்த பூட்ஸ் பிளந்தது. சாக்ஸோடு கால் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது!

ஆனால் மரத்துப்போன காலை ஊன்றி அவரால் ஏற முடியவில்லை. சுவரெல்லாம் களிமண் வழுக்கல். கயிறு? கயிறு இருக்க வேண்டிய இடத்தில்தான் அமெதிஸ்ட் வந்ததே!

"பிளெக்ஸைப் பிரிங்கண்ணே!"

"தலைவர் பிரிக்கக் கூடாதுன்னு..."

"பிரிங்க!"

குப்புராஜ் பிரித்தார். கொட்டுகிற மழையில் ஆளுயரத்துக்கு விரிந்தது தலைவரின் முகம். கையில் அதே ஊதாக் கல். 'கூகைமலைப் புதையலை இன்று கண்டெடுத்த மலைவேந்தரே, வருக! வருக!'



"இன்னிக்குக் கண்டெடுத்ததை என்னிக்கு அச்சடிச்சீங்க?" என்றான் இம்தியாஸ்.

"புதன்கிழமை" என்று குப்புராஜ் முனகினார்.

பிளெக்ஸை முறுக்கித் தொட்டில்போல இறக்கினார்கள். அதில் உட்கார்ந்து, அச்சடித்த தன் முகத்தின் மேலேயே சேறு சொட்டச் சொட்ட மேலே வந்து சேர்ந்தார் மலைவேந்தர்.

மழை வந்த வேகத்தில் ஓய்ந்தது. ஏதோ விரிசல் வழியாகக் குழித் தண்ணீரும் வடிய, அடியில் இரண்டு படிகங்களும் பழுப்புச் சுடர்போலத் தெரிந்தன. முதலில் வாயைத் திறந்தவர் தலைவர்தான்.

"பார்த்தீங்களா? பொந்துக்குள்ள முதல்ல போனது என் கால். அப்படிப் பார்த்தா, கண்டுபிடிச்சது..."

கோசலை வெடித்துவிட்டாள். "விதி போட்டது யாரு தலைவரே? முதல் கைன்னு போட்டீங்களா, முதல் கால்னு போட்டீங்களா? உங்க காலைப் பிடுங்க உள்ள போனது எந்தக் கை? இந்தக் கை! ரத்தம் இன்னும் நிக்கல, பாருங்க!"

தலைவர் குப்புராஜைப் பார்த்தார். குப்புராஜ் ஆகாயத்தைப் பார்த்தார்.

அதற்கப்புறம் கோசலை ஒருவரையும் கிட்டே விடவில்லை. இரும்பு இடித்தால் முனை சில்லுப் பெயரும். மூங்கில் குச்சியால் களிமண்ணைப் பொறுமையாகத் தோண்டி, படிகங்களை அடிக்கல்லோடு சேர்த்து அசைத்து அசைத்து எடுத்தாள். இரட்டைக் கோபுரம்போல நின்றன. முனையில் ஒரு சிராய்ப்புக்கூட இல்லை! சுற்றுவதற்கு மெத்தென்று எதுவும் இல்லாததால் அந்த பிளெக்ஸிலேயே சுற்றினார்கள்.

சாயங்காலம் அடிவாரத்தில் பிளெக்ஸைக் கண்டதுமே மேளம் அதிரத் தொடங்கிவிட்டது. ஒற்றை பூட்ஸோடு நொண்டிக்கொண்டு வந்த தலைவர், மாலையைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் கழுத்தை நீட்டிவிட்டார். நீட்டியவர் கோசலையின் முகத்தைப் பார்த்தார். அவள் கையில் சுற்றியிருந்த கட்டைப் பார்த்தார். கழுத்தை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டார்.

"கண்டுபிடிச்சது... கோசலை" என்றார், மீசைக்குள்.

"மேளத்துல கேக்கல தலைவரே. அந்த விசிலை ஊதிட்டுச் சொல்லுங்க."

விசிலைச் சட்டையில் துடைத்தார். பிறகு ஊதினார். மேளம் சட்டென்று நின்றது.

"கண்டுபிடிச்சது கோசலை! என்னைக் காப்பாத்தினதும் அவங்கதான்!"

பாப்பா இல்லை. கோசலை! மாலை அவள் கழுத்தில் விழுந்தபோது இம்தியாஸ் அடித்த விசிலுக்கு, மலையில் மிச்சமிருந்த குளவிகள்கூட எழுந்திருக்கும்.

அந்தப் படிகங்கள் இப்போது மன்றத்து அலமாரியின் நடுத்தட்டில் இருக்கின்றன. பக்கத்தில் ஒரு கிழிந்த பூட்ஸ். சீட்டைக் கோசலையே எழுதினாள். 'புகைப்படிகம், கூகைமலை. முதல் கை: கோசலை' என்று எழுதிவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள். மண்மூடியை உடைத்தது அவள் இல்லையே. தலைவர் அடுத்தவர் பங்கை மறைப்பதுதானே இத்தனை நாளும் அவள் வயிற்றெரிச்சல்? அடியில் இன்னொரு வரி சேர்த்தாள்: 'பொந்தைத் திறந்தது: தலைவரின் இடது கால்.'

வருகிறவர்களுக்கெல்லாம் தணிகாசலம் அந்தச் சீட்டைக் காட்டுகிறார். முதல் வரியையும் விடாமல் வாய்விட்டுப் படிக்கிறார். இரண்டாவது வரியைத்தான் கொஞ்சம் சத்தமாகப் படிக்கிறார்.