கவிழ்த்த கூடைகள்

வதனி எழுந்தாள். கிணற்றடியில் முகம் கழுவினாள். தேத்தண்ணீர் குடித்தாள். அம்மாவின் பிரம்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு அவளோடு கடற்கரைக்குப் போனாள். சாம்பல்தீவில் ஒவ்வொரு காலையும் இப்படித்தான்.

ஆண்கள் மீன் பிடிப்பார்கள். பெண்கள் அதைத் திருகோணமலைச் சந்தைக்குக் கொண்டுபோவார்கள். அது யுத்த காலம். ஆண்கள் போனால் இராணுவத்தினர் சென்றி எனும் சோதனைச் சாவடியில் மறித்து, மாலையில்தான் விடுவார்கள்.

இன்னும் கொஞ்சம் மீன் கிடைக்கும் என்று, படகுகள் பிந்தி வரலாம் என மீனவர் சங்கம் முடிவு செய்தது. அதற்குள் பஸ் போய்விடும். பெண்கள் சுமையோடு நடந்தார்கள். சங்கத்தில் பெண்கள் இல்லை. யாரும் அவர்களைக் கேட்கவில்லை.

அன்று பெண்கள் எல்லோரும் கூடைகளைக் கவிழ்த்து வைத்தார்கள்.

"எங்களையும் சங்கத்தில சேருங்கோ. அதுவரைக்கும் மீன் தூக்கமாட்டம்" என்றாள் வதனியின் அம்மா இராசமலர்.

சங்கத்தின் ஓலைக் கொட்டில் வாசலில் நின்ற தலைவர் இராசையா சிரித்தார். "கொட்டிலுக்குள்ள உங்களுக்குக் கதிரை இல்லையே. எங்க இருப்பியள்?"

ஆண்கள் கொட்டிலுக்குள் போய்க் கூட்டம் வைத்தார்கள். வெயில் ஏறியது. மீனில் ஈ மொய்த்தது.

அப்பா குலசிங்கம் வெளியே வந்தார்.

"வதனி, சின்னப் பிள்ளையைச் சென்றியில மறிக்கமாட்டாங்கள். ஒரு கூடை கொண்டுபோறியா?"

"நான் போனால் அம்மாவையள் நிண்டது வீணாப் போயிடும்."

"மீன் பழுதாப் போகுதே."

"ஓம்" என்றாள் வதனி.

அவள் அம்மாவின் கூடையைத் தூக்கினாள். அப்பா மீன் அள்ளக் குனிந்தார். வதனி அவரைத் தாண்டி, நேரே கொட்டிலுக்குள் போனாள். ஆண்கள் உட்கார்ந்திருந்த கதிரைகளுக்கு நடுவில் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் இருந்தாள்.

"என்ன பிள்ளை இது?" என்றார் இராசையா.

"கதிரை, மாமா."

வெளியே பெண்களோடு நின்ற நல்லம்மா மாமி தன் கூடையோடு உள்ளே வந்தார். பிறகு மற்றவர்கள் வந்தார்கள். வதனி எழுந்து அம்மாவை இருத்தினாள். கொட்டிலில் கால் வைக்க இடமில்லை.

இராசையா வாசல் வழியே மீனைப் பார்த்தார்.

"சரி, உங்களையும் சேர்க்கிறம். முதல்ல மீனைத் தூக்குங்கோ."

"முதல்ல படகு வாற நேரத்தைக் கதைப்பம்" என்றாள் அம்மா.

கதைத்தார்கள். அன்றைய மீனில் பாதி கருவாடானது. மறுநாள் படகுகள் பஸ்ஸுக்கு முன்பே கரைக்கு வந்தன.

வதனி கூட்டத்தில் பெரிய பேச்சுப் பேசினாள் என்று பிறகு ஊரில் சொன்னார்கள். அப்படி ஒன்றும் இல்லை. வெளியே வந்து, அப்பாவிடம் அவள் கடைசியாகச் சொன்னது இதுதான்:

"அடுத்த கூட்டத்துக்கு முன்னம் கூடையை நீங்கள் கழுவி வையுங்கோ, அப்பா. சட்டையெல்லாம் மீன் மணக்குது."