ஆள் படுக்க முடியாத உயரம்

காரின் உயரத்தை இறக்கிய மறுநாள் காலையில், மேடும் பள்ளமும் இல்லாமல் பாய் விரித்த மாதிரி கிடந்த சாலையில், வண்டிக்கு அடியில் ஏதோ உரசியது.

தவ்ஃபீக் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தான். திருப்பாலைக்குடியிலிருந்து தேவிபட்டினத்தைப் பார்த்துப் போகும் கடற்கரைச் சாலை அது. இடப்பக்கம் உப்பளப் பாத்திகள் வெயிலை வாங்கிக் கண்ணில் அடித்தன, வலப்பக்கம் கருவேலங்காடு புழுதி பூத்து நின்றது, திறந்திருந்த ஜன்னல் வழியாகச் சேற்று வாடையும் கருவாட்டு வாடையும் மாறி மாறி வந்தன. ஸ்பீடு பிரேக்கரில் அடி தட்டும் என்று மெக்கானிக் செல்லச்சாமி சொல்லித்தான் அனுப்பியிருந்தார். அந்தச் சத்தத்துக்குக் காதைத் தயாராக வைத்திருந்தான். இது அந்தச் சத்தம் இல்லை. இரும்பு தாரில் படுவது ஒரு தினுசு; இங்கே ஈரச் சாக்கைத் தரையோடு யாரோ இழுத்துக்கொண்டு போனார்கள், நடுநடுவே நகத்தால் தகரத்தைக் கீறினார்கள்.

ஓரங்கட்டினான். கார் நின்றது. அதற்குப் பிறகுதான் சத்தம் நின்றது.

ஒரு நொடிதான் பிந்தியிருக்கும். ஆனால் வண்டியில் சிக்கி இழுபடுகிற எதுவும் வண்டி நின்றால் தானும் நின்றாக வேண்டும். இது தன் பாட்டுக்கு இன்னும் ஒரு முழம் நகர்ந்து, வசதியாக ஒதுங்கிக்கொண்டு, அப்புறம் நின்றது.

“ஏன்த்தா நிப்பாட்டுனீங்க?” என்றாள் பின்சீட்டிலிருந்து சஃபா. இரண்டாம் வகுப்பு படிக்கிற மகள். ஒரே மகள்.

“டயரப் பாக்கணும்மா. நீ இறங்காத.”

இறங்கிக் குந்தினான். காருக்கும் தாருக்கும் நடுவே இப்போது ஒரு கறுப்புக் கோடுதான் இருந்தது. உள்ளே பார்க்க வேண்டுமென்றால் கன்னத்தைச் சாலையில் வைத்துப் படுக்க வேண்டும். அவன் படுக்கவில்லை. முழங்காலைத் தட்டிவிட்டு எழுந்து, காவலுக்கு ஓதுகிற ஆயத்துல் குர்ஸியை முணுமுணுத்தபடி வண்டியை எடுத்தான்.

தவ்ஃபீக்குக்கு வயசு திரும்பிவிட்டது என்று ஊரே கேலி செய்துகொண்டிருந்தது. இராமநாதபுரம் அரண்மனைக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிற வேலை அவனுக்கு. காலையில் மகளைப் பள்ளியில் இறக்கிவிட்டுக் கடைக்குப் போய், சாயந்திரம் இரண்டு பேருமாகத் திரும்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தவிர ஓயாமல் ஓடுகிற ஒரு குடும்பக் காருக்கு, மழை பெய்தால் குளமாகிற சாலையையும் வைத்துக்கொண்டு, கோயம்புத்தூரிலிருந்து, வண்டி உயரத்தை ஏற்றி இறக்குகிற சஸ்பென்ஷனை வரவழைத்து மாட்டுவானேன்?

“கல்யாணம் ஆகாத பயலுக செய்யிற வேலை இது,” என்றாள் மனைவி சுலைகா. “இனி ஒவ்வொரு குழிக்கும் என் பல்லு ஆடும். யாருக்குக் காட்ட இந்த ஸ்டைலு?”

சிரித்து மழுப்பினான். உண்மையைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

அந்த உண்மைக்கு ஒரு மாதம் வயசாகியிருந்தது. அன்று பள்ளிக்கு விடுமுறை, அவன் மட்டும் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தான். மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடித்திருந்தார்கள், வெளிச்சம் இன்னும் முழுசாகப் போகவில்லை. உப்பளத்தை ஒட்டிய வளைவைத் தாண்டியதும் சாலை நடுவே தணிவாக ஏதோ கிடந்தது. லாரியிலிருந்து விழுந்த உப்பு மூட்டை என்று நினைத்தான். அப்படி நினைப்பதுதான் சௌகரியமாக இருந்தது. எண்பதில் போனவனுக்கு ஒதுங்க நேரமில்லை. முன் சக்கரம் ஏறி இறங்கியது. மூட்டையின் கெட்டி அதில் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, பின் சக்கரம் ஏறுவதற்காகக் காத்திருந்தான்.

பின் சக்கரம் ஏறவில்லை.

கண்ணாடியில் பார்த்தான். பின்னால் சாலை காலியாக இருந்தது. கால் பிரேக்கின் மேல்தான் இருந்தது, அழுத்தவில்லை. யாராவது பார்ப்பார்கள், கூட்டம் கூடும், போலீஸ் வரும், வேலை போகும் என்று மனசு ஒரு சுற்று ஓடி வருவதற்குள் கால் ஆக்ஸிலேட்டருக்குப் போய்விட்டது. நிறுத்தவே இல்லை, நேரே வீட்டுக்கு வந்துவிட்டான். மறுநாள் அந்த இடத்தில் ஒரு கறைகூட இல்லை. பேப்பரிலும் எதுவும் வரவில்லை, டீக்கடையிலும் யாரும் எதுவும் பேசவில்லை. அதில் நிம்மதி வந்திருக்க வேண்டும். முன்னால் நுழைந்தது பின்னால் வராமல் எங்கே போகும் என்ற கேள்விதான் வந்தது.

அதற்கப்புறம் வந்ததெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். மத்தியானத்தில் கார் நிழலுக்கு அடியில் படுத்துக் கிடக்கும் தெரு ஆடுகள், தகிக்கிற வெயிலில் தள்ளிப் போய் நின்றன. பெட்ரோல் பங்கில் எஞ்சினை அணைத்தால் காலுக்கு அடியில் டொக் டொக்கென்று இரண்டு தட்டு கேட்டது. கடையில் யாருக்காவது எழுத்துப் பலகையைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே நினைப்பு வெளியே நிற்கிற வண்டிக்குப் போய்விடும். ஒரு நிமிஷம் என்று சொல்லி ஓடிப்போய்க் குனிந்து பார்த்துவிட்டு வருவான். வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போது எழுந்து போவான். செல்போன் வெளிச்சத்தில் ஒவ்வொரு தடவையும் வெறும் தரைதான் தெரிந்தது. நிமிர்ந்த உடனே மறுபடியும் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

“சோத்துல கைய வச்சுக்கிட்டு எங்கன போறீங்க?” என்பாள் சுலைகா. “அங்கனயே பாயப் போட்டுத் தாரேன், காருகூடவே படுத்துக்கங்க.”

ஒரு சனிக்கிழமை காரை வீட்டில் போட்டுவிட்டு பஸ்ஸில் வேலைக்குப் போனான். ஒரு நாளாவது மனுஷனாக இருக்கலாம் என்று பார்த்தான். சாயந்திரம் வந்தபோது சஃபா முற்றத்தில் குப்புறப் படுத்து, கன்னத்தைச் சிமெண்டுத் தரையில் வைத்து, காருக்கு அடியில் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். பள்ளித் தோழியிடம் பேசுகிற அதே குரல்.

“யாருகிட்டம்மா பேசுற?”

“கீழ இருக்காங்களே, அவங்ககிட்ட.” எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டாள். “அத்தா எப்ப நிப்பாட்டுவாங்கன்னு கேக்குறாங்க.”

மகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். காரை விற்றுவிடலாம், வாங்குகிறவன் வீட்டிலும் ஒரு பிள்ளை இருக்குமே. சும்மா நிறுத்தி வைக்கலாம். நாளெல்லாம் முற்றத்தில் விளையாடுவது சஃபாதான். சுலைகாவிடம் சொல்லலாம், சொன்னால் அந்தச் சாயந்திரத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். புரண்டு புரண்டு கடைசியில் ஒரு யோசனை கிடைத்தது. இடம் இருப்பதால்தானே அங்கே இருக்கிறது? இடம் இல்லாமல் ஆக்கிவிட்டால்?

கோயம்புத்தூர் பார்சல் வந்ததும் பட்டணம்காத்தானில் செல்லச்சாமியின் பட்டறைக்குப் போனான்.

“எவ்வளவு இறக்கணும் பாய்?”

“ஆள் படுக்க முடியாத அளவுக்குண்ணே.”

செல்லச்சாமி வாய்விட்டுச் சிரித்தார். ஷாக் அப்சார்பரைச் சுற்றி மரை வெட்டியிருந்தது, அதில் ஒரு வளையம். வளையத்தைக் கீழே திருகினால் வண்டி இறங்கும், மேலே திருகினால் ஏறும். டயருக்கும் அதன் மேல் வளைவுக்கும் நடுவே நாலு விரல் நுழைந்த இடத்தை இரண்டு விரலாக்கிக் கொடுத்தார். தினமும் ஓட்டுகிற வண்டிக்கு இதுவே அதிகம் என்று எச்சரித்தும் அனுப்பினார்.

அதற்கு மறுநாள் காலையில்தான் அந்த உரசல். சஃபாவைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டு, கடைக்குப் போகாமல் நேரே பட்டறைக்குத் திரும்பினான்.

காரை லிஃப்டில் தூக்கிவிட்டு அடியில் போன செல்லச்சாமி சிரிப்பில்லாமல் வெளியே வந்தார்.

“பாய், அடியை எங்கயாச்சும் கழுவுனீங்களா?”

“இல்லையேண்ணே.”

“இங்கன வந்து பாருங்க.”

தவ்ஃபீக் அண்ணாந்து பார்த்தான். வருஷக்கணக்காக உப்புக் காற்றில் ஓடிய வண்டி. அடியெல்லாம் சேறும் உப்பும் காய்ந்து அப்பியிருந்தது. நடுவில் மட்டும் இல்லை. முன் சக்கரங்களுக்குப் பின்னாலிருந்து ஆள் நீளத்துக்கு, தோள் அகலத்துக்கு, இரும்பு பளிச்சென்று துடைபட்டிருந்தது. தலைமாட்டில் இரண்டு இடங்களில் பெயிண்டே உரிந்துபோய் விரல் விரலாகக் கோடு விழுந்திருந்தது.

“நேத்து மாட்டும்போது இது இல்ல,” என்றார் செல்லச்சாமி. “நான் பாத்தேன்ல.”

நேற்று வரைக்கும் இடம் தாராளமாக இருந்தது. இப்போதுதான் நெருக்கிப் படுக்க வேண்டியிருக்கிறது. தவ்ஃபீக்குக்கு அது உடனே புரிந்தது.

“இன்னும் இறக்குங்கண்ணே.”

“அடியில இருக்குற ஆயில் சம்ப் உடைஞ்சிரும் பாய். பிள்ளைய வச்சு ஓட்டுற வண்டி.”

“பிள்ளைக்காகத்தான் சொல்றேன்.”

செல்லச்சாமி அவன் முகத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு ஸ்பேனரை எடுத்து, நாலு சக்கரத்திலும் வளையத்தைக் கடைசி மரை வரைக்கும் கொண்டுபோனார். கார் தரைக்கு இறங்கியபோது அடியிலிருந்து நீளமாக ஒரு காற்று வெளியே வந்தது, யாரோ மூச்சை விட்ட மாதிரி.

“லிஃப்ட்டு சத்தம்,” என்றார் செல்லச்சாமி, அவன் கேட்காமலே.

அன்று சாயந்திரம் உரசல் இல்லை. மறுநாளும் இல்லை. ஸ்பீடு பிரேக்கர் வந்தால் வண்டியைக் கோணலாக்கி ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கினான், பின்னால் வந்த பஸ்காரர்கள் ஹாரனில் திட்டினார்கள், அதுகூட அவனுக்கு இனித்தது. பங்கில் எஞ்சினை அணைத்துவிட்டுக் காதைக் கொடுத்தான்; எந்தத் தட்டும் இல்லை. வீட்டில் ஆடுகள் காரோரமாக நிழலுக்கு வந்து படுத்தன. மீன் குழம்பு ஊற்றி இரண்டாம் தடவை சோறு கேட்டபோது சுலைகா கரண்டியைப் பிடித்தபடி அவனையே பார்த்தாள்.

“தெளிஞ்சிருச்சா?” என்றாள்.

“தெளிஞ்சிருச்சு,” என்றான். சிரிப்பு தானாகவே வந்தது. படுத்ததும் தூங்கிப்போனான்.

மூன்றாம் நாள் காலை மழை இருட்டிக்கொண்டு நின்றது. உப்பளம் வெளிறிக் கிடந்தது, பாத்திகளில் ஆளில்லை, தூறல் உள்ளே அடிக்கிறது என்று ஜன்னல்களை ஏற்றிவிட்டிருந்தான். தேவிபட்டினத்துக்கு இன்னும் ஐந்தாறு கிலோமீட்டர் இருந்தது. சஃபா பேசாமல் வருவது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வீட்டிலிருந்து கிளம்பியதிலிருந்து ஒரு வார்த்தை இல்லை.

கண்ணாடியில் பார்த்தான். இரண்டு காலையும் சீட்டின் மேல் மடக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“காலைக் கீழ போடும்மா. ஷூ பட்டு சீட்டு அழுக்காகும்.”

“முடியாதுத்தா.”

“ஏன்?”

“அங்கன அவங்க இருக்காங்க.” டீச்சருக்குத் தெரியாமல் வகுப்பில் பேசுகிறவள் மாதிரி குரலைத் தாழ்த்தினாள். “கீழ இடம் இல்லன்னு உள்ள வந்துட்டாங்க.”

ஈரச் சாக்கின் வாடை வந்தது. மூடிய கண்ணாடிகளுக்குள்ளேயே, வெகு பக்கத்தில்.

அவன் திரும்பவில்லை. கழுத்து திரும்ப மறுத்தது. உட்கார்ந்திருந்த சீட்டு அடியிலிருந்து மெல்ல எழும்பியது. இறங்கியது. மறுபடி எழும்பியது. வலது தொடைக்குக் கீழிருந்து இடது தொடைக்குக் கீழே ஏதோ நகர்ந்தது. அவசரமே இல்லாமல்.

“சஃபா.” கால் பிரேக்கைத் தேடியது. “காலைக் கீழ விடாத. கேட்டியா? இந்தா, நிப்பாட்டுறேன்.”

“நிப்பாட்டுறாங்களாம்,” என்று சஃபா குனிந்து யாரிடமோ சொன்னாள்.

பிரேக்கை மிதித்தான். முழுசாக. டயர் கத்தியது. கார் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய் நின்றது.

இறங்கினான். ஓடினான். பின்கதவைத் திறந்தான்.

சீட்டில் யாரும் இல்லை.

சீட் பெல்ட் மாட்டியபடியே இருந்தது. பூட்டு பூட்டியபடி. அந்தப் பக்கத்துக் கதவும் பூட்டித்தான் இருந்தது. சாலையில் முன்னும் பின்னும் ஒரு குருவி இல்லை. தூறல் கூரையில் விழுகிற சத்தம் மட்டும்.

“சஃபா!”

முன்சீட்டுக்கு அடியில் ஒரு சாண் இடுக்கு. அவளுடைய புத்தகப் பையே நுழையாத இடுக்கு. அதிலிருந்து கறுப்பு ஷூவும் வெள்ளை சாக்ஸும் போட்ட ஒரு சின்னக் கால் நீட்டிக்கொண்டிருந்தது. கணுக்கால் வரைக்கும். ஷூ நுனி ஆடிக்கொண்டிருந்தது.

பாய்ந்து பிடித்தான். சூடாக இருந்தது. மகளின் கால்தான், அவன் கைக்குத் தெரியாதா? இழுத்தான். வரவில்லை. யா அல்லாஹ். இழுத்தான்.

“வலிக்குதுத்தா, இழுக்காதீங்க,” என்றாள் சஃபா உள்ளேயிருந்து. அழவில்லை. குரல் எங்கோ தூரத்திலிருந்து வந்தது. “இங்கன நிறைய இடம் இருக்கு.”

கால் உள்ளே போனது. மெதுவாக. அவன் விடவில்லை. அவன் மணிக்கட்டு உள்ளே போனது. முழங்கை போனது. தோள் சீட்டில் இடித்தது.

பிறகு தோளும் இடிக்கவில்லை.