க்வாபெனா வீட்டில்தான் இருக்கிறான்

துப்பறிவாளர் பெய்ன்ட்சிலின் வீட்டுக்குள் எகுவா ஓட்டமும் நடையுமாக நுழைந்தாள். கேப் கோஸ்ட் ஊரையே சல்லடை போட்டுத் தேடினாலும் அவரைப்போல நிதானமான ஆள் கிடைக்கமாட்டார் என்று சொல்லித்தான் அவளை அனுப்பியிருந்தார்கள்.

"ஐயா, செத்துப்போன என் வீட்டுக்காரர் கம்ப்யூட்டர்ல வர்றாரு!"

உதவியாளன் ஜோஜோ துள்ளி எழுந்தான். "பேயா?"

"சும்மா இருய்யா. நீ சொல்லும்மா," என்றார் பெய்ன்ட்சில்.

"என் புருஷன் கோபினா போய் மூணு மாசமாச்சு. தையல் ஆர்டரெல்லாம் கம்ப்யூட்டர்லதான் வரும். பழைய ரௌட்டர் கெட்டுப்போச்சுன்னு புதுசு வாங்கினேன். அதோட கம்ப்யூட்டரைச் சேர்க்கலாம்னு வைஃபை பேரெல்லாம் வர்ற இடத்தைத் திறந்தா, 'க்வாபெனா வீட்டில்தான் இருக்கிறான்'னு தினமும் நிக்குது! ஈரக்குலையே நடுங்கிடுச்சு. பக்கத்துக் கடைக்கார அண்ணன் ஒசேய் கடைக்குக் கிடங்கு வேணும்னு வீட்டை விலைக்குக் கேக்குறாரு. நாளைக்கே கொடுத்துட்டு எம்பொண்ணோட கிளம்பிடப் போறேன்."

"வேற யாருக்காவது வீட்டு மேல கண்ணு இருக்கா?"

"என் கொழுந்தன் ஃபீஃபி. அண்ணன் வீடு குடும்பத்துக்குத்தான்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு."

அன்று மாலையே பெய்ன்ட்சில் ஒசேய், ஃபீஃபி இருவரையும் எகுவாவின் வீட்டுக்கு வரவழைத்தார். கணினித் திரையில் அந்தப் பெயர் அப்போதும் நின்றது. எகுவா அந்தப் பக்கமே பார்க்காமல் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"க்வாபெனா தங்கமான மனுஷன்," என்று உச்சுக்கொட்டினார் ஒசேய். "ஆவியோட மல்லுக்கட்டாதே தங்கச்சி. பேசாம வித்துட்டுப் போ."

"இவன்தான் ஐயா!" ஜோஜோ ஃபீஃபியைக் காட்டினான். "முழியே சரியில்லை."

"அடப்பாவி! எங்கண்ணன் பேர்ல நான் பேய் விடுவேனா?"

"விட்டிருந்தாலும் பேரைச் சரியா எழுதியிருப்பே," என்றார் பெய்ன்ட்சில். "செவ்வாய்க்கிழமை பிறந்த ஆம்பளைப் பிள்ளைக்கு நம்ம ஃபான்டி ஜனங்க வைக்கிற பேரு கோபினா. அதையே க்வாபெனான்னு சொல்றவங்க குமாசி ஊர்க்காரங்க. எகுவா, உன் புருஷன் ஒரு நாளாவது தன் பேரை அப்படி எழுதினாரா?"

"ஐயோ, இல்லைங்க. குமாசிலேர்ந்து வந்த ஒசேய் அண்ணன் மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவாரு. கேட்டுக் கேட்டுப் பழகிட்டேன். பயத்துல எனக்கு உறைக்கவே இல்லை!"

"செத்தவன் தன் பேரை மறப்பானா? போன்ல ஹாட்ஸ்பாட் போட்டா அதுவும் வைஃபை மாதிரியே இந்தத் திரையில வரும்; அதுக்கு எந்தப் பேரையும் வைக்கலாம். ஒசேய், உங்க போனைக் கொஞ்சம் அணைங்க."

பேயறைந்தவர் போல நின்றார் ஒசேய். ஜோஜோ அவர் கையிலிருந்து போனை வாங்கி அணைத்தான். திரையில் அந்தப் பெயர் மறைந்தது.

"கடைக்குக் கிடங்கு வேணும்னா புருஷனைப் பறிகொடுத்தவளையா மிரட்டுவே? சீ!" என்றான் ஃபீஃபி. ஒசேய் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியேறினார்.

எகுவா புது ரௌட்டரின் பெயரைத் தேர்ந்தெடுத்துக் கடவுச்சொல்லைத் தட்டினாள். இணைப்பு கிடைத்தது.

"இனிமே பயமில்லைல்ல அக்கா?" என்றான் ஜோஜோ.

"இல்லை. இந்த வீட்டை யாருக்கும் கொடுக்கமாட்டேன்." சட்டென்று அவள் கண் கலங்கியது. "தினமும் நடுங்கிக்கிட்டேதான் இதைத் திறந்தேன் ஐயா. ஆனா, அவராவே இருந்துடக்கூடாதான்னும் இருந்துச்சு."